95 சதவீதம் நீங்கிவிட்டதாம், நீங்கியது யார் வாசலுக்குப் போனது?

தண்ணீரைச் சுத்தம் செய்துவிட்டோம் என்று இந்த நாட்டில் யார் சொன்னாலும் நாம் கொஞ்சம் நின்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தச் சொல்லை வைத்து ஏற்கெனவே ஒருமுறை நம்மை அவமானப்படுத்தியிருக்கிறார்கள். 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் தலைமையில் நம் முன்னோர்கள் மகத் நகரத்தின் சவ்தார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று ஊர்க்காரர்கள் பதறினார்கள். 108 மண்பானைகளை எடுத்துவந்து, பால், தயிர், மாட்டுச் சாணம், மாட்டு மூத்திரம் எல்லாவற்றையும் அவற்றில் நிரப்பிக் குளத்தில் அமிழ்த்தி, புரோகிதரை வைத்து மந்திரம் ஓதி, தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று அறிவித்தார்கள். மனிதர் வாய் வைத்ததால் கெட்டுப்போன தண்ணீர் மாட்டு மூத்திரத்தால் நல்லதாகிவிட்டதாம். அந்தக் குளத்தில் நமக்கு உரிமை உண்டு என்று பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்ல 1937 ஆனது.

அந்த மாட்டு மூத்திரத்தைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டும். கேலிக்காகச் சொல்லவில்லை. மாட்டுக்கும் கோழிக்கும் பன்றிக்கும் கொடுக்கிற ஆன்டிபயாடிக் முழுவதும் அவற்றின் உடம்பிலேயே கரைந்துபோவதில்லை. மருந்தைப் பொறுத்து 30 முதல் 90 சதவீதம் வரை அப்படியே சாணத்திலும் மூத்திரத்திலும் எச்சத்திலும் வெளியே வந்துவிடுகிறது. மடிநோய்க்குப் போட்ட ஊசியும், பண்ணையில் குடிநீர்க் குழாயிலேயே கலந்துவிட்ட பொடியும் சில நாளில் எருக்குழிக்கு வந்துசேர்கின்றன. அங்கிருந்து வயலுக்கு, மழை பெய்தால் ஓடைக்கு, ஓடையிலிருந்து ஏரிக்கு. சிலது நேராக நிலத்தடிக்கு.

எல்லா மருந்தும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும். சல்ஃபா மருந்துகள் மண்ணில் நிற்காமல் நீரோடு இறங்கிவிடும், ஆகவே கிணற்றில் அவற்றைத்தான் முதலில் எதிர்பார்க்க வேண்டும். என்ரோஃப்ளாக்சசின் என்று ஒன்று உண்டு. கால்நடைக்கென்றே செய்யப்பட்டது, கோழிப்பண்ணைகளுக்கு நன்றாகப் பழக்கமானது. அதில் ஒரு பகுதி விலங்கின் உடம்பிலேயே சிப்ரோஃப்ளாக்சசினாக மாறிவிடுகிறது. சிப்ரோ நமக்குத் தெரிந்த மாத்திரைதான், அரசு மருத்துவமனைச் சீட்டில் எழுதித் தருவது. ஆக, கோழிக்குக் கொடுத்தது கோழியோடு முடிவதில்லை. அந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழகிய கிருமி நம் பிள்ளைக்கு வரும்போது, சீட்டில் எழுதிய மாத்திரை வேலை செய்யாது. அடுத்த மருந்து வெளியே வாங்க வேண்டியதாக இருக்கும். காசிருப்பவர் வாங்குவார்.

ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக நேர்ந்த சாவுகள் உலகம் முழுவதும் 2019ல் மட்டும் 12 லட்சத்து 70 ஆயிரம் என்று லான்செட் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அத்தனை பழியையும் பண்ணைத் தண்ணீர் மேல் போட முடியாது. மனிதருக்கே மருந்தை அளவில்லாமல் எழுதித் தள்ளியதற்கு அதில் பெரிய பங்குண்டு. ஆனால் பண்ணைக்கு உள்ள பங்கைச் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது என்பதும் உண்மை.

சரி, தண்ணீரில் கலந்துவிட்டது. எடுக்க முடியாதா? முடியும் என்று சொல்ல ஒரு பெரும் படையே இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களின் வேதியியல் துறைகளை எட்டிப் பாருங்கள். டெட்ராசைக்ளினை ஒளியால் சிதைத்தேன், சிப்ரோவை நானோ துகளால் நீக்கினேன், வேப்பிலைக் கரியால் உறிஞ்சினேன் என்று ஆய்வேடுகள் குவிந்து கிடக்கின்றன. முடிவு எப்போதும் 95 சதவீதம், 98 சதவீதம். நம் பிள்ளைகள் பலர் அந்த ஆய்வகங்களில்தான் உதவித்தொகை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த 95ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில், எந்தத் தண்ணீர்? பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு மருந்தைக் கரைத்து எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஏரித் தண்ணீரில் ஒரே ஒரு மருந்தா இருக்கிறது? உப்பு, சாணக் கசடு, சோப்பு, பூச்சிமருந்து, நாலைந்து வகை ஆன்டிபயாடிக் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. குடுவையில் மருந்தைத் தாக்கிய வினைபொருள் ஏரியில் அந்தக் கசடைத் தாக்கியே களைத்துப்போகும்.

இரண்டாவதுதான் முக்கியம். நீங்கியது என்றால் என்ன பொருள்? கருவியில் அந்த மருந்துக்குரிய முகடு சுருங்கிவிட்டது என்று பொருள், அவ்வளவுதான். ஓசோன் செலுத்தினாலும், புற ஊதாக் கதிரோடு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தாலும், ஒளிவினையூக்கி போட்டாலும் அடிப்படை ஒன்று: வெறிபிடித்த ஹைட்ராக்சில் தனியுறுப்பு மூலக்கூறை அங்கங்கே கடித்துத் துண்டாக்குகிறது. கடைசிவரை கடித்தால் கரியமில வாயுவும் நீரும் உப்பும் மிஞ்சும். கடைசிவரை கடிக்க மின்சாரம் வேண்டும், நேரம் வேண்டும், பணம் வேண்டும். பாதியில் நிறுத்தினால் துண்டுகள் மிஞ்சும். சிப்ரோ போன்ற மருந்தின் நடு வளையம் உடையாமல் ஓரங்கள் மட்டும் உதிர்ந்திருந்தால், அந்தத் துண்டுக்கும் கிருமியைத் தாக்கும் குணம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். வலிநிவாரணி டைக்ளோஃபினாக் சூரிய ஒளியில் உடையும்போது வரும் விளைபொருள்களில் ஒன்று, பாசிகளுக்கு மூல மருந்தைவிடப் பல மடங்கு நஞ்சு என்று கண்டிருக்கிறார்கள். குடிநீரில் நாம் போடும் குளோரினும் சில மருந்துகளோடு சேர்ந்து புதுப்புதுச் சேர்மங்களை உண்டாக்குகிறது. மருந்து போய்விட்டது. நஞ்சு போனதா என்பது வேறு கேள்வி. அதற்குத் தனிச் சோதனை உண்டு: ஒளிரும் பாக்டீரியாவை அந்த நீரில் விட்டு ஒளி மங்குகிறதா என்று பார்ப்பது, டாஃப்னியா என்ற நீர்ப்பூச்சியை விட்டு அது நீந்துகிறதா, செத்து மிதக்கிறதா என்று எண்ணுவது. பெரிய செலவில்லை. ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் இருக்கிறதா என்று உங்கள் நெறியாளரைக் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்பதும் நமக்குத் தெரியும். நேர்காணல் அறையிலிருந்து வாய்மொழித் தேர்வு வரைக்கும் முகம் சுளிப்பதைப் பார்த்தே வந்தவர்கள் நாம், இதையும் பார்ப்போம்.

கரியால் உறிஞ்சுவது? அது மருந்தைத் தண்ணீரிலிருந்து கரிக்கு இடம் மாற்றுகிறது. நிறைந்த கரியை உயர் வெப்பத்தில் சுட்டு மீட்க வேண்டும். நம்மூரில் அது குப்பைமேட்டுக்குப் போகும். குப்பைமேடு எங்கே இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்.ஓ.? சவ்வு மருந்தை நன்றாகவே தடுத்துவிடுகிறது. தடுத்ததை என்ன செய்கிறது? ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஒரு குடமோ அதற்கு மேலோ கழிவுநீர் வெளியே தள்ளுகிறது. எல்லா உப்பும் எல்லா மருந்தும் செறிந்த நீர் அது. கேன் தண்ணீர்க் கம்பெனியின் பின்பக்கக் குழாய் எந்தத் தெருவை நோக்கித் திரும்பியிருக்கிறது என்று ஒருநாள் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இதுதான் நாம் சொல்ல வந்தது. நீக்குதல் என்று அறிவியல் சொல்கிற பெரும்பாலான வேலை உண்மையில் இடம் மாற்றும் வேலை. இடம் மாற்றினால் போய்ச்சேர ஓர் இடம் வேண்டும். ஊருக்கு மேட்டையும் சேரிக்குப் பள்ளத்தையும் ஒதுக்கிய நாட்டில் அந்த இடம் எதுவென்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. மலத்தை நீக்க ஆள் வைத்தார்கள், பிணத்தை நீக்க ஆள் வைத்தார்கள், செத்த மாட்டை நீக்க ஆள் வைத்தார்கள். இப்போது மருந்தை நீக்குகிறார்கள்.

சுத்திகரிப்பு நிலையம் என்ற பெயர்ப்பலகையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் படான்செரு இருக்கிறது. ஹைதராபாத் அருகில், அன்றைய மேடக் மாவட்டத்தில், சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீரை ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வாங்கிச் சுத்தம் செய்து வெளியே விட்டுக்கொண்டிருந்தது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோகிம் லார்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் அப்படி வெளியே வந்த நீரை எடுத்துச் சோதித்து 2007ல் முடிவை வெளியிட்டார்கள். கவனியுங்கள், சுத்திகரித்து முடித்த பிறகு வந்த நீர் அது. அதில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோ இருந்தது. மாத்திரை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். நாளொன்றுக்குச் சுமார் 45 கிலோ சிப்ரோ அந்த ஒரே வாய்க்காலில் போனதாகக் கணக்கிட்டார்கள். கால்நடை மருந்தான என்ரோஃப்ளாக்சசினும் லிட்டருக்கு 780 முதல் 900 மைக்ரோகிராம் வரை இருந்தது. பண்ணைக்கு வந்து, கோழி வயிற்றுக்குள் போய் வெளியேறும் முன்னாலேயே அந்த மருந்து தண்ணீரைக் கெடுத்துவிட்டது என்று அர்த்தம். 2009ல் அதே குழு சுற்றுவட்டாரக் கிராமங்களின் 6 கிணறுகளைச் சோதித்தது. ஆறிலும் மருந்து இருந்தது.

அந்தச் 'சுத்தமான' நீரை 500 பங்கு ஆக்கி, அதில் ஒரே ஒரு பங்கை மட்டும் கலந்து தவளைக் குஞ்சுகளை விட்டுப் பார்த்தார்கள். வளர்ச்சி 40 சதவீதம் குறைந்தது. நஞ்சைச் சோதிப்பது என்று நாம் சொல்வது இதைத்தான். சதவீதக் கணக்குச் சொல்லாததைத் தவளைக் குஞ்சு சொல்லிவிடும்.

இவ்வளவு உலகறிந்த பிறகு அரசு என்ன செய்தது? 2020 ஜனவரியில் மருந்துத் தொழிற்சாலைக் கழிவுநீரில் எந்தெந்த ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு வைத்து ஒரு வரைவு விதி வந்தது. உலகத்திலேயே முதல் என்று பாராட்டினார்கள். 2021 ஆகஸ்டில் இறுதி விதி வந்தபோது அந்த வரம்புப் பட்டியலே காணாமல் போயிருந்தது. அதையும் நீக்கிவிட்டார்கள். அந்த நீக்கம் மட்டும் 100 சதவீதம்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500ல் பூச்சிமருந்துக்கு வரம்பு இருக்கிறது, ஃப்ளூரைடுக்கு இருக்கிறது, ஆர்சனிக்குக்கு இருக்கிறது. ஆன்டிபயாடிக்குக்கு ஒரு வரிகூடக் கிடையாது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தருகிற சோதனைப் பெட்டியிலும் கிடையாது. கருவியே இல்லாத நாடா இது? கடலோர மாவட்டங்களிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிற இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். 2016ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய இறாலில் ஆன்டிபயாடிக் எச்சம் பார்க்கச் சரக்குகளில் பாதியைச் சோதிப்போம் என்று விதியை இறுக்கியது. இங்கே உடனே ஆய்வகங்கள் சுறுசுறுப்பாகின, எல்.சி.எம்.எஸ். கருவிகள் ஓடின. வெள்ளைக்காரர் தின்னும் இறாலுக்கு ஒரு கிலோவில் எத்தனை மைக்ரோகிராம் என்று எண்ணத் தெரிந்த நாட்டுக்குச் சேரிப் பிள்ளை குடிக்கும் தண்ணீரில் எண்ணத் தெரியவில்லை.

இங்கே இரண்டு பக்கமிருந்தும் குரல் வரும். நம் பக்கத்துத் தோழர்களே சிலர் கேட்பார்கள்: இரட்டைக் குவளையே ஒழியவில்லை, வேங்கைவயலில் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள், இந்த நேரத்தில் மைக்ரோகிராம் பற்றிப் பேசுவது மேட்டுக்குடிச் சூழலியல் இல்லையா? இல்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் மேல்நிலைத் தொட்டியில் கிடந்தது கண்ணுக்குத் தெரிந்தது, அதனால்தான் ஊடகம் வந்தது, வழக்கு வந்தது. நிறமும் நாற்றமும் இல்லாமல் கலக்கிறதற்கு ஊடகம் வராது. நம் குடிநீர் ஆதாரத்தைக் கெடுப்பது என்ற ஒரே குற்றத்தின் இரண்டு உருவங்கள் இவை. ஒன்றைப் பார்த்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட முடியாது. மேலும் பண்ணையில் எரு அள்ளுகிற கை யாருடையது, கொட்டகை கழுவுகிற கால் யாருடையது, செத்த கோழியை மூட்டை கட்டுவது யார்? கிருமி முதலில் ஏறுவது அந்தக் கைகளில்தான்.

இன்னொரு குரல் இன்னும் ஆபத்தானது. பார்த்தீர்களா, கோழியில் மருந்து, முட்டையில் மருந்து, சைவமாக இருங்கள் என்று உபதேசிக்க ஒரு கூட்டம் காத்திருக்கிறது. நாம் எழுதும் இதையே எடுத்துக்கொண்டு சத்துணவு முட்டையை நிறுத்தச் சொன்னாலும் சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு தகவல்: உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பால் ஆய்வில் 6,432 மாதிரிகளில் 77ல் ஆன்டிபயாடிக் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. சுத்த சைவம் என்று நீங்கள் குடிக்கிற பால்தான் அது. மாட்டுக்கு ஊசி போட்டுப் பாலைக் கறப்பது பற்றி யாரும் உபதேசிப்பதில்லை. நம் பிள்ளைகளின் தட்டில் விழும் அந்த ஒரு முட்டை போராடிப் பெற்றது. அதில் மருந்து இருக்கக்கூடாது என்பது நம் கோரிக்கை. முட்டை இருக்கக்கூடாது என்பது அவர்களுடைய கோரிக்கை. இரண்டையும் குழப்ப விடக்கூடாது. மாட்டுக்கறிக்கும் அதே நியாயம்தான்.

குழாயின் கடைசியில் உட்கார்ந்து வடிகட்டுவதைவிட மருந்தை வாசலிலேயே மறிப்பதுதான் வேலைக்காகும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்று இருக்கிறது. டைக்ளோஃபினாக் ஊசி போட்ட மாடு செத்து, அந்தப் பிணத்தைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கொத்துக்கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு சுமார் 15 ஆண்டுகளில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. காரணம் இந்த மருந்துதான் என்று 2004ல் உறுதியானது. 2006ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள், 2015ல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்று மாற்று மருந்துகளும் கழுகைக் கொல்கின்றன என்று தெரிந்தது, 2023ல் அவற்றுக்கும் கால்நடையில் தடை வந்தது. மெதுவாகத்தான் நடந்தது, ஆனால் நடந்தது. கழுகின் வயிற்றில் யாரும் வடிகட்டி பொருத்தவில்லை.

கழுகு போனதும் பிணங்கள் வெளியிலும் நீர்நிலைகளிலும் கிடந்து அழுகின. நாய் பெருகியது, வெறிநாய்க்கடி பெருகியது, தண்ணீர் கெட்டது. 2000 முதல் 2005 வரை இதனால் சுமார் 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாகச் செத்திருப்பார்கள் என்று இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கழுகு செய்த வேலையை இலவசமாகச் செய்ய யார் தலையில் கட்டினார்கள் என்பதை அந்தக் கணக்கு பேசவில்லை. அதற்கு 2016 ஜூலைக்கு வர வேண்டும். உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். குஜராத் தலித்துகள் இனி பிணம் தூக்க மாட்டோம் என்றார்கள். சுரேந்திரநகரில் செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் இறக்கினார்கள். உங்கள் மாடு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று. கழிவு மேலாண்மையைப் பற்றி இதைவிடத் தெளிவான பாடம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

மருந்துக் கழிவிலும் நாம் செய்ய வேண்டியது அதுதான், கழிவை உண்டாக்கியவர் வாசலுக்கே கணக்கைத் திருப்புவது. கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக்கைக் கோழி வளர்ச்சிக்குத் தீவனத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள், 2019 ஜூலையில் தடை வந்தது. ஐரோப்பாவில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் போடுவதை 2006லேயே முழுமையாக நிறுத்திவிட்டார்கள். நமக்கும் அதே முழுத் தடை வேண்டும், ஒவ்வொன்றாக இல்லை. மருத்துவர் சீட்டில்லாமல் கால்நடை மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது. ஆனால் இங்கே கவனமாக இருக்க வேண்டும்: இந்த விதி ஒற்றை மாடு வைத்திருக்கிற நம் ஆத்தாளின் கழுத்தில் முதலில் விழக்கூடாது. அவளுக்குக் கால்நடை மருத்துவர் வாரம் ஒருமுறையாவது சேரிக்குள் வர வேண்டும், ஊர்ச் சாவடியோடு திரும்பிப் போகாமல்.

பெரும் பண்ணைகளின் எருவை அப்படியே விற்கக் கூடாது. சூடேறி மட்கும்படி சில வாரம் குவித்துவைத்தால் டெட்ராசைக்ளின் போன்றவை பெருமளவு குறைகின்றன. என்ரோஃப்ளாக்சசின் குடும்பம் அவ்வளவு எளிதில் அசையாது, அதனால்தான் அதைப் பண்ணைக்குள் விடுவதையே கட்டுப்படுத்தச் சொல்கிறோம். நாமக்கல் போல நாளுக்குச் சில கோடி முட்டை எடுக்கிற வட்டாரத்தில் இதைப் பண்ணை முதலாளியின் செலவில் செய்வதில் என்ன கஷ்டம்? லாபத்தை மட்டும் பண்ணைக் கணக்கிலும் எருவின் நாற்றத்தைக் காலனிக் கணக்கிலும் எழுதுகிற பழக்கம்தான் கஷ்டம்.

உயர்தரச் சுத்திகரிப்பே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஏற்கெனவே கலந்துவிட்டதை எடுக்க அது வேண்டும். ஸ்விட்சர்லாந்து 2016 முதல் தன் பெரிய நிலையங்களில் ஓசோனோ கரியோ சேர்த்து நுண்மாசுகளை 80 சதவீதம் எடுக்க வேண்டும் என்று சட்டமாக்கியது. அதற்கு ஆளுக்கு ஆண்டுக்கு 9 ஃபிராங்க் வரை வரி போட்டது. 2024ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போய், அந்தக் கூடுதல் கட்டத்தின் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மனிதருக்கான மருந்தும் அழகுசாதனமும் செய்கிற கம்பெனிகளே கட்ட வேண்டும் என்றது. கால்நடை மருந்துக் கம்பெனிகள் அந்தக் கணக்கில் வரவில்லை, அங்கேயும் அவர்களுக்குக் கொடுப்பினை இருக்கிறது. இங்கே அவர்களையும் சேர்த்தே கேட்போம். நிலையம் கட்டும்போது கரி எங்கே சுடப்படும், ஆர்.ஓ. கழிவு எங்கே விடப்படும், வெளியேறும் நீரில் டாஃப்னியா பிழைக்கிறதா என்ற மூன்றையும் எழுத்தில் தராமல் அடிக்கல் நாட்டக் கூடாது.

சட்டம் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எக்ஸ்) எடுத்துப் படியுங்கள். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்துகிற ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ வேறெந்த நீராதாரத்தையோ, அதன் வழக்கமான பயன்பாட்டுக்குத் தகுதி குறையும்படி கெடுப்பது குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. 1989லிருந்தே சட்டத்தில் இருக்கிறது, 2015 திருத்தத்துக்குப் பிறகு எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. மலம், பூச்சிமருந்து, செத்த நாய் என்று அந்தப் பிரிவு பட்டியல் எதுவும் போடவில்லை. கெடுப்பது என்றுதான் சொல்கிறது. சாதி நோக்கம் எங்கே என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். அந்தப் பிரிவின் வாசகத்தில் அப்படியொரு நிபந்தனை எங்கே எழுதியிருக்கிறது என்று நாம் திருப்பிக் கேட்கலாம். கழிவுக் குழாயைத் தெரிந்தே சேரியின் கிணற்றுப் பக்கம் திருப்பிய ஒரு பண்ணை மீது இந்தப் பிரிவில் ஒரு புகார் கொடுத்துப் பார்க்க வேண்டும். வாங்க மறுப்பார்கள். மறுப்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

வேதியியல் படிப்பவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. ஆய்வகத்துக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கப் போகும்போது காய்ச்சி வடித்த நீர் வேண்டாம், உங்கள் காலனி போர் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில், வெளிச்சம் படாமல் சுற்றி, ஐஸ் பெட்டியில் எடுத்துப்போங்கள். எடுத்த இடம், தேதி, கிணற்றின் ஆழம், பண்ணைக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம், கடைசியாக எப்போது எரு கொட்டினார்கள் என்பதைக் குறித்துவையுங்கள். ஊர்ப் பக்கத்துக் கிணற்றிலும் ஒன்று எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தால், அது எந்த 95 சதவீதத்தையும்விட நமக்குப் பயன்படும்.

தமிழ்நாட்டில் இப்போது மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் கிராமசபை கூட்டுகிறார்கள். மகத் நாளுக்கு இரண்டு நாள் கழித்து. பொருள்பட்டியலில் குடிநீர் இருக்கும், வழக்கம்போலக் குளோரின் போட்டாச்சு என்று வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன், காலனி நீராதாரங்களில் ஆன்டிபயாடிக் எச்சத்தைச் சோதித்து முடிவை நமக்குத் தர வேண்டும், செலவை வட்டாரப் பண்ணைகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானத்தை எழுதிக் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று நின்று பார்த்து, பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள்.